நெய்வேலி நிறுவனத்தில் பணித்திறன் மதிப்பீடு

பணித்திறன் மதிப்பீடு என்பது ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர் குறிப்பிட்ட காலத்தில் தம் பணியை எவ்வாறு செய்தார் என்பதை முறைப்படி கணித்துப் பதிவு செய்வதாகும். பதவி உயர்வு, ஊதியம், பயிற்சி, இடமாற்றம் முதலியவற்றுக்கு இப்பதிவே அடிப்படையாக அமைகிறது. கடலூர் மாவட்டம் நெய்வேலியில் இயங்கும் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனங்களுள் ஒன்று. அத்தகைய நிறுவனங்களுக்கு உரிய மதிப்பீட்டு முறைகளையும், அவை மாறி வந்த வரலாற்றையும், சுரங்கமும் மின் நிலையமும் இணைந்த நெய்வேலி போன்ற இடத்தில் அவை சந்திக்கும் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிறுவனமும் பணியாளர் பிரிவுகளும்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று முதல் சுரங்கப் பணியைப் பிரதமர் ஜவகர்லால் நேரு தொடங்கி வைத்தார். சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைந்த முதலாம் அனல் மின் நிலையம் 1962-இல் மின் உற்பத்தியைத் தொடங்கி, 600 மெகாவாட் திறன் வரை வளர்ந்து, 2020-இல் மூடப்பட்டது. நிறுவனம் 2011-இல் நவரத்தினத் தகுதி பெற்றது, 2016-இல் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் மாறியது. நெய்வேலியில் முதலாம் சுரங்கம், சுரங்கம் 1அ, இரண்டாம் சுரங்கம் ஆகிய மூன்றும் ஆண்டுக்கு முறையே 10.5, 3, 15 மில்லியன் டன் பழுப்பு நிலக்கரி எடுக்கும் திறனுடன் அமைக்கப்பட்டவை.

மதிப்பீட்டு நோக்கில் பணியாளர்களை மூன்று பிரிவாகக் காணலாம். முதற்பிரிவினர் அதிகாரிகள், ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையும் அதனுடன் இணைந்த ஊதியமும் பெரிதும் இவர்களுக்கே உரியவை. இரண்டாம் பிரிவினர் தொழிற்சங்க உடன்படிக்கையின் கீழ் ஊதியம் பெறும் நிரந்தரத் தொழிலாளர். மூன்றாம் பிரிவினர் ஒப்பந்தத் தொழிலாளர். மூன்று பிரிவினரும் ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிப்டில் வேலை செய்கின்றனர் என்பதை இக்கட்டுரை முழுவதிலும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

நிறுவனத்தின் குடியிருப்பான நெய்வேலி நகரியம் எண்ணிடப்பட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மதிப்பிடுபவரும் மதிப்பிடப்படுபவரும் மாலையில் ஒரே கடைத்தெருவில் சந்திக்கின்றனர்; அவர்தம் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கின்றனர். பெருநகர அலுவலகம் ஒன்றில் கொடுக்கப்படும் மதிப்பெண்ணுக்கும் இங்கே கொடுக்கப்படும் மதிப்பெண்ணுக்கும் இவ்வகையில் வேறுபாடு உண்டு.

சுரங்க வேலையின் இயல்பு

பழுப்பு நிலக்கரி நெய்வேலியில் திறந்தவெளிச் சுரங்க முறையில் எடுக்கப்படுகிறது. நிலக்கரிப் படிவத்தின் மேல் பல பத்து மீட்டர் தடிப்பில் மண்ணும் கடலூர் மணற்கல் எனப்படும் கடினப் பாறையும் கிடக்கின்றன. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஏறத்தாழ ஐந்து, ஆறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டியுள்ளது. பாறை முதலில் வெடி வைத்துத் தளர்த்தப்படுகிறது. பின்னர் பெருஞ்சக்கரத்தில் வாளிகள் பொருத்திய வெட்டுப்பொறி அதனை வாரி எடுத்துப் பெல்ட்டில் கொட்டுகிறது. பெல்ட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மண்ணை மாற்றிக் கொண்டு சென்று, ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் பரப்பும் பொறியிடம் ஒப்படைக்கின்றன. நிலக்கரியும் இவ்வாறே வெட்டப்பட்டுப் பெல்ட் வழியாகச் சேமிப்புத் தொட்டிக்கும், அங்கிருந்து மின் நிலையத்துக்கும் செல்கிறது. பழுப்பு நிலக்கரி தானே தீப்பற்றும் இயல்புடையது. ஆதலால் நெடுநாள் குவித்து வைக்க இயலாது. சுரங்கம் நின்றால் சில நாட்களில் மின் நிலையம் தடுமாறும். மின் நிலையம் நின்றால் சுரங்கம் தன் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எனவே ஒரு ஷிப்டில் வெட்டப்பட்ட கன மீட்டர் அளவு வெட்டுப்பொறியை இயக்கியவரின் திறமையை மட்டும் காட்டுவதில்லை. வரிசையில் உள்ள ஏதேனும் ஒரு பெல்ட் கிழிந்தால் அதன் முன்னுள்ள பொறிகள் அனைத்தும் நிற்கும். முந்தைய ஷிப்டில் பாறை சரியாக வெடிக்கப்படாவிடில் அடுத்த ஷிப்டில் வாளிப் பற்கள் தேய்ந்து உடையும். பராமரிப்புப் பிரிவினர் ஒரு நாள் பொறியை நிறுத்திப் பழுது பார்த்தால் அன்றைய உற்பத்தி குறையும். அடுத்த மாத உற்பத்தி உயரும். அன்று நிறுத்தியவரின் அறிக்கையில் குறைவும், அடுத்த மாதம் பொறுப்பேற்றவரின் அறிக்கையில் நிறைவும் பதிவாகக் கூடும்.

இதனினும் சிக்கலானது நிலத்தடி நீர். நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் மிகுந்த அழுத்தத்துடன் ஊற்று நீர் உள்ளது. அதனை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடில் சுரங்கத்தின் அடித்தளம் வெடித்து நீர் புகும். நீரிறைப்புப் பிரிவு தன் பணியைச் செவ்வனே செய்தால் என்ன நிகழும் என்றால், எதுவும் நிகழாது. எதுவும் நிகழாமல் இருப்பதற்கு மதிப்பெண் அளிப்பது எப்படி என்னும் வினாவுக்கு எந்தப் படிவத்திலும் எளிதான விடை கிடையாது.

பருவமும் மதிப்பீட்டைப் பாதிக்கிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அக்காலத்தில் சேற்றாலும் தேங்கும் நீராலும் சுரங்கப் பணி தடைப்படும். மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை பணி விரைவாக நடப்பதற்கு ஏற்ற காலம். மதிப்பிடுபவர் ஆண்டு முழுவதையும் கருதாமல் கடைசி மாதங்களையே நினைவில் வைத்து மதிப்பெண் இடும் பழக்கத்தை உளவியலார் அண்மைக்காலச் சாய்வு என்பர். நெய்வேலியில் கடைசி மாதங்கள் வானிலையும் துணை நிற்கும் மாதங்கள். மழைக்கால இரவுகளில் சுரங்கத்தைக் காத்தவர் இதனால் மறக்கப்பட இடமுண்டு.

மந்தண அறிக்கைக் காலம்

தகுதி அறிந்து ஒருவரைப் பணியில் அமர்த்துவது பற்றிய சிந்தனை தமிழில் பழமையானது; திருக்குறளின் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் ஆகிய அதிகாரங்கள் (51, 52) இதனைப் பேசுகின்றன. ஆயினும் ஆண்டுதோறும் படிவத்தில் எழுதி வைக்கும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. விடுதலைக்குப் பின் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் அதனையே தொடர்ந்தன. ஆண்டு மந்தண அறிக்கை என்று இதற்குப் பெயர். மேலதிகாரி தமக்குக் கீழ் உள்ளவரின் நேர்மை, அறிவு, ஒழுங்கு, பிறருடன் பழகும் முறை ஆகியவற்றைப் பற்றி எழுதுவார். அவருக்கும் மேலானவர் அதனை மறுபார்வையிடுவார். பாதகமான குறிப்பு இருந்தால் மட்டுமே உரியவருக்குத் தெரிவிக்கப்படும். மற்றவை மூடிய உறையிலேயே இருக்கும்.

இம்முறையின் குறை, செய்த வேலையை விட ஆளின் குணத்தை எடை போட்டமையாகும். அமெரிக்க உளவியலார் எட்வர்டு தார்ண்டைக், படை அதிகாரிகள் தமக்குக் கீழுள்ளோருக்கு இட்ட மதிப்பெண்களை ஆராய்ந்து 1920-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகக் கேட்கப்பட்டபோதும் விடைகள் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. ஒருவரைப் பற்றிய பொது எண்ணம் எல்லாக் கட்டங்களிலும் பரவி விடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. இது ஒளிவட்ட விளைவு எனப்படுகிறது. நன்றாகப் பேசத் தெரிந்த பொறியாளருக்குப் பொறி பராமரிப்பிலும் நல்ல மதிப்பெண் விழுவது இதனால்தான்.

இந்தியாவில் இம்முறைக்கு மாற்று தேடியவர்களுள் உதய் பரீக்கும் டி. வி. ராவும் குறிப்பிடத்தக்கவர்கள். 1970-களின் நடுவில் இவர்கள் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்துக்கு ஒரு முறையை வகுத்துக் கொடுத்தனர். மதிப்பீடு தீர்ப்பு வழங்குவதற்கு அன்று, பணியாளரை வளர்ப்பதற்கே என்பதும், தன்மதிப்பீடும் நேருக்கு நேர் உரையாடலும் அதில் இடம்பெற வேண்டும் என்பதும் அவர்கள் கருத்து. இன்று படிவங்களில் காணும் தன்மதிப்பீட்டுப் பகுதி இச்சிந்தனையின் வழியில் வந்ததாகும்.

தேவ் தத் தீர்ப்பு

மந்தணம் என்னும் திரையை விலக்கியது ஒரு வழக்கு. எல்லைப்புறச் சாலைகள் அமைப்பில் பொறியாளராகப் பணியாற்றிய தேவ் தத் என்பவருக்கு 1993-94-ஆம் ஆண்டு அறிக்கையில் நன்று என்னும் தரம் கொடுக்கப்பட்டது. நன்று என்பது பாதகமான சொல் அன்று. ஆகவே அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. ஆனால் பதவி உயர்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளிலும் மிக நன்று என்னும் தரம் வேண்டும் என்று விதி இருந்தது. தமக்குத் தெரியாத ஒரு நல்ல சொல்லால் அவர் பதவி உயர்வை இழந்தார்.

உச்ச நீதிமன்றம் 2008 மே 12 அன்று இவ்வழக்கில் தீர்ப்பளித்தது. பாதகமானதோ சாதகமானதோ, அறிக்கையில் உள்ள ஒவ்வொரு பதிவும் நியாயமான காலத்துக்குள் உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும், அதனை மாற்றக் கோரி முறையிட அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு சுக்தேவ் சிங் வழக்கில் 2013-இல் இந்நிலைப்பாட்டை உறுதி செய்தது.

இதனைத் தொடர்ந்து நடுவண் அரசு 2009 மே மாதம் வெளியிட்ட ஆணைப்படி, அறிக்கை முழுவதும் பணியாளருக்குக் காட்டப்பட வேண்டும். முறையிட 15 நாட்கள் தரப்படும். மந்தண அறிக்கை என்னும் பெயரும் ஆண்டுப் பணித்திறன் மதிப்பீட்டு அறிக்கை என மாறியது. பொதுத்துறை நிறுவனங்களும் இதனை ஒட்டிய நடைமுறைக்கு வந்தன. பணியாளர் தன்மதிப்பீடு எழுதுதல், அறிக்கை அதிகாரி மதிப்பிடுதல், மறுஆய்வு அதிகாரி பார்த்தல், ஏற்பு அதிகாரி முடிவு செய்தல், பணியாளருக்குக் காட்டுதல் என்பது பொதுவான வரிசை. பின்னர் இது கணினி வழியாக்கப்பட்டது. அதிகாரிகளின் அறிக்கைகளைக் குறித்த காலத்துக்குள் இணையவழியில் முடிப்பதே 2010-களின் பிற்பகுதியில் நிறுவனத்தின் மதிப்பெண்ணுக்கு உரிய ஓர் இலக்காகவும் சேர்க்கப்பட்டது. மதிப்பீடு செய்வதற்கே மதிப்பீடு என்று இதனை வேடிக்கையாகச் சொல்லலாம். எனினும் ஆண்டுக்கணக்கில் எழுதப்படாமல் கிடந்த அறிக்கைகளால் பதவி உயர்வு தள்ளிப்போன பழைய நிலையை அறிந்தவர்கள் இதனைக் குறை கூறமாட்டார்கள்.

நிறுவனத்துக்கு மதிப்பெண்: புரிந்துணர்வு ஒப்பந்தம்

பணியாளரை மதிப்பிடுவதற்கு முன் நிறுவனத்தையே மதிப்பிட வேண்டும் என்னும் கருத்து 1980-களில் வலுப்பெற்றது. பொருளியல் அறிஞர் அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான குழு, அரசும் பொதுத்துறை நிறுவனமும் ஆண்டு இலக்குகளை முன்கூட்டியே எழுதி ஒப்பமிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிரான்சு நாட்டில் இத்தகைய வழக்கம் முன்பே இருந்தது. நான்கு நிறுவனங்கள் 1987-88-ஆம் ஆண்டுக்கு முதலில் இவ்வாறு கையொப்பமிட்டன. பின்னர் இது பிற நிறுவனங்களுக்கும் விரிந்தது. நெய்வேலி நிறுவனம் நிலக்கரி அமைச்சகத்துடன் இவ்வொப்பந்தத்தைச் செய்து கொள்கிறது.

இலக்குகளுக்கு எடையும், அடைந்த அளவுக்கு ஐந்து படிகளில் தரமும் தரப்பட்டன. கூட்டு மதிப்பெண் 1.00 முதல் 1.50 வரை இருந்தால் மிகச் சிறப்பு, 2.50 வரை மிக நன்று, 3.50 வரை நன்று, 4.50 வரை ஓரளவு. அதற்கு மேல் குறைவு. பள்ளி மதிப்பெண்ணுக்கு நேர்மாறாக இங்கே எண் குறையக் குறையத் தரம் உயர்ந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் 100 மதிப்பெண் முறைக்கு இது மாற்றப்பட்டது. 2004-05 முதல், ராபர்ட் காப்லன், டேவிட் நார்ட்டன் ஆகியோர் 1992-இல் முன்வைத்த சமநிலை மதிப்பெண் அட்டை என்னும் கருத்தைத் தழுவி, நிதி இலக்குகளுக்குப் பாதியும் நிதி சாராத இலக்குகளுக்குப் பாதியுமாக எடை பகிரப்பட்டது.

இலக்கைத் தாமே முன்மொழியும் நிறுவனம் எளிதான இலக்கையே விரும்பும் என்பது இம்முறை பற்றிய பழைய குறைபாடு. 2007-க்குப் பின் ஊதியமும் இத்துடன் இணைந்தபோது இந்த ஐயம் இன்னும் கூர்மையடைந்தது.

செயல்திறன் சார் ஊதியமும் மணி வளைவும்

நீதிபதி ம. ஜெகந்நாத ராவ் தலைமையிலான இரண்டாம் ஊதியத் திருத்தக் குழுவின் பரிந்துரைகளை ஏற்று, பொதுத்துறை நிறுவனங்கள் துறை 2008 நவம்பர் 26 அன்று ஆணை வெளியிட்டது. 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இத்திருத்தத்தில் அதிகாரிகளுக்கும், தொழிற்சங்கத்தில் அடங்காத மேற்பார்வையாளருக்கும் செயல்திறன் சார் ஊதியம் என்னும் புதிய பகுதி சேர்க்கப்பட்டது. நிறுவனம் இலாபம் ஈட்டினால் மட்டுமே இது கிடைக்கும். வரிக்கு முந்தைய இலாபத்தில் 5 விழுக்காடு மொத்த உச்சவரம்பு. தொடக்கநிலை அதிகாரிக்கு அடிப்படை ஊதியத்தில் 40 விழுக்காடு வரையும், மேல்நிலைகளில் அதனினும் கூடுதலாகவும் வரம்பு வகுக்கப்பட்டது. நிறுவனத்தின் ஒப்பந்தத் தரம் மிகச் சிறப்பு என்றால் வரம்பில் முழுவதும், மிக நன்று என்றால் 80, நன்று என்றால் 60, ஓரளவு என்றால் 40 விழுக்காடும் பெறலாம். குறைவு என்றால் எதுவும் இல்லை.

இத்துடன் வந்தது மணி வளைவு. புள்ளியியலில் இயல்நிலைப் பரவலை வரைந்தால் அது கோயில் மணியைக் கவிழ்த்தாற்போல் நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும். மக்கள்தொகையில் உயரம் போன்ற பண்புகள் இவ்வாறு பரவியுள்ளன. அதிகாரிகளின் திறமையும் இவ்வாறே பரவியிருக்கும் என்று கொண்டு, 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு மேல் மிகச் சிறப்பு என்னும் தரம் கொடுக்கலாகாது என்றும், 10 விழுக்காட்டினரைத் தரத்துக்குக் கீழ் என்று வகைப்படுத்த வேண்டும் என்றும் ஆணை கூறியது. தரத்துக்குக் கீழ் என்று குறிக்கப்பட்டவருக்குச் செயல்திறன் சார் ஊதியம் இல்லை.

இதன் நோக்கம் புரிந்து கொள்ளக் கூடியதே. பழைய மந்தண அறிக்கைகளில் பெரும்பாலோருக்கு மிக நன்று என்றே எழுதப்பட்டு வந்தது. யாரையும் பகைத்துக் கொள்ள விரும்பாத அதிகாரி எல்லோருக்கும் நல்ல தரம் இட்டுவிடுவார். அப்படியிருக்கையில் பணத்தை யாருக்கு எவ்வளவு பகிர்வது? கட்டாயப் பகிர்வு இதற்கு ஒரு விடை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் தலைமை வகித்த காலத்தில் (1981-2001) பணியாளரை 20, 70, 10 விழுக்காடு எனப் பிரித்து, கடைசிப் பத்தினரை வெளியேற்றும் முறை புகழ் பெற்றிருந்தது.

ஆனால் கணக்கில் மூன்று இடறல்கள் உள்ளன. இயல்நிலைப் பரவல் என்பது தெரிவு செய்யப்படாத பெருந்தொகுதிக்கு உரியது. போட்டித் தேர்விலும் நேர்காணலிலும் வடிகட்டி எடுக்கப்பட்ட பொறியாளர்களிடம் அதே வடிவத்தை எதிர்பார்க்க இயலாது. அடுத்து, தொகுதி சிறிதாகும்போது விழுக்காடு பொருளற்றதாகிறது. பெல்ட் பராமரிப்புப் பிரிவு ஒன்றில் 12 அதிகாரிகள் இருப்பதாகக் கொள்வோம். பத்து விழுக்காடு என்பது 1.2 பேர். அப்பன்னிருவரும் தம் கடமையைக் குறைவின்றிச் செய்திருந்தாலும் ஒருவர் தரத்துக்குக் கீழ் ஆக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர், ஓய்வு பெற இருப்பவர், நீண்ட மருத்துவ விடுப்பில் இருந்தவர் என எதிர்ப்பு எழாத ஒருவரைத் தேடும் நிலைக்கு மதிப்பிடுபவர் தள்ளப்படுகிறார். மூன்றாவது இடறல் சங்கிலி வேலையைப் பற்றியது. உடன் பணிபுரிபவரின் தாழ்வில் தம் பாதுகாப்பு அடங்கியிருக்கும்போது, அடுத்த ஷிப்டுக்காரருக்குப் பொறியின் குறையை எழுதி வைத்துச் செல்ல வேண்டிய தூண்டுதல் குன்றுகிறது. சுரங்கத்தில் ஷிப்டு மாற்றத்தின்போது சொல்லப்படும் அந்தச் சில சொற்களை நம்பியே அடுத்த எட்டு மணி நேரம் நடக்கிறது.

தர மேலாண்மை அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் இத்தகைய முறைகளை முன்பே கடுமையாக மறுத்திருந்தார். வகுப்புகளில் அவர் ஒரு சோதனை செய்து காட்டுவார். வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும் கலந்த பெட்டியில், 50 குழிகள் கொண்ட தட்டைத் தொழிலாளராக நடிப்பவர்கள் அமிழ்த்தி எடுப்பர். சிவப்பு மணி பழுதான பொருளைக் குறிக்கும். ஒருவர் தட்டில் 6 சிவப்பு வரும், இன்னொருவர் தட்டில் 13 வரும். டெமிங் மேலாளராக நடித்து முன்னவரைப் பாராட்டுவார், பின்னவரைக் கண்டிப்பார். பெட்டியில் சிவப்பு மணியைக் கலந்தது நிர்வாகமே என்பது பார்ப்பவர்களுக்குச் சற்று நேரத்தில் விளங்கும். நெய்வேலிச் சூழலில் கடினப் பாறைப் பகுதி ஒதுக்கப்பட்டவரையும் மென்மண் பகுதி ஒதுக்கப்பட்டவரையும் ஒரே அட்டவணையில் வரிசைப்படுத்துவது இதனை ஒத்தது.

2017 மாற்றம்

நீதிபதி சதீஷ் சந்திரா தலைமையிலான மூன்றாம் ஊதியத் திருத்தக் குழுவுக்குப் பின், 2017 ஆகஸ்டு 3 அன்று புதிய ஆணை வந்தது. பத்து விழுக்காட்டினரைக் கட்டாயமாகத் தரத்துக்குக் கீழ் வைக்கும் விதி நீக்கப்பட்டது. மணி வளைவு கைவிடப்பட்டது. எனினும் ஒரு நிலையில் உள்ள அதிகாரிகளில் 15 விழுக்காட்டினருக்கு மேல் மிகச் சிறப்பு கொடுக்கலாகாது என்னும் மேல்வரம்பு தொடர்ந்தது. தனியார் உலகிலும் இதே திசையில் மாற்றம் நிகழ்ந்திருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் கட்டாய வரிசைப்படுத்தலை 2013 நவம்பரில் கைவிட்டிருந்தது.

அதனினும் முதன்மையான மாற்றம் எடைப் பகிர்வில் வந்தது. செயல்திறன் சார் ஊதியத்தில் 50 விழுக்காடு நிறுவனத்தின் தரத்தையும், 30 விழுக்காடு குழு அல்லது அலகின் தரத்தையும், 20 விழுக்காடு தனிமனிதரின் தரத்தையும் பொறுத்தது என்று ஆயிற்று. நிறுவனத்தின் தரத்துக்கு 100, 75, 50, 25 என்றும், குழுவுக்கும் தனிமனிதருக்கும் 100, 80, 60, 40 என்றும் படிகள் அமைந்தன.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஆண்டு அடிப்படை ஊதியம் 6,00,000 ரூபாய் பெறும் தொடக்கநிலை அதிகாரியின் உச்சவரம்பு 40 விழுக்காடு, அதாவது 2,40,000 ரூபாய். நிறுவனம் மிகச் சிறப்பு என்றால் 50. அவருடைய அலகு மிக நன்று என்றால் 30-இல் 80 விழுக்காடு, அதாவது 24. அவர் மிகச் சிறப்பு என்றால் 20. கூட்டினால் 94. அவருக்கு 2,25,600 ரூபாய் கிடைக்கும். அதே அலகில் நன்று என்னும் தரம் பெற்றவருக்கு 50, 24, 12 எனக் கூட்டி 86; அவர் பெறுவது 2,06,400 ரூபாய். வேறுபாடு 19,200 ரூபாய். பகிரத் தக்க இலாபத்தொகை போதுமானதாக இருந்தால்தான் இத்தொகைகள் முழுமையாகக் கிடைக்கும். முந்தைய முறையில் கடைசிப் பத்து விழுக்காட்டில் விழுந்தவர் அனைத்தையும் இழந்தார் என்பதை இதனுடன் ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும்.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. தனிமனிதரின் பங்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியதால் முயல்பவருக்கும் முயலாதவருக்கும் வேறுபாடு குறைந்துவிட்டது என்பர். ஆனால் தரத்தின் உண்மையான விளைவு பணத்தில் அன்று, பதவி உயர்வில் உள்ளது. 19,200 ரூபாய் ஓராண்டோடு முடிந்துவிடும். தரம் குறைந்ததால் தள்ளிப்போன பதவி உயர்வு ஓய்வு வரை தொடரும்.

மேம்படுத்தும் வழிகள் பற்றிய ஆய்வுகள்

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஹெர்பர்ட் மேயர், இமானுவேல் கே, ஜான் பிரெஞ்சு ஆகியோர் நடத்திய ஆய்வு 1965-இல் வெளியானது. ஊதியம் பற்றிய முடிவையும் முன்னேற்றம் பற்றிய உரையாடலையும் ஒரே அமர்வில் வைத்தால் பின்னது பயனற்றுப் போகிறது என்பது அதன் முதன்மை முடிவு. குறை கூறப்பட்டவர் தம்மைக் காத்துக் கொள்வதிலேயே முனைகிறார். குறை சுட்டப்பட்ட பணியில் முன்னேறுவதில்லை. ஆகவே அவ்விரண்டையும் வெவ்வேறு காலங்களில் வைக்க வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தனர். இந்தியப் பொதுத்துறை முறையில் ஒரே அறிக்கை ஊதியம், பதவி உயர்வு, பயிற்சி ஆகிய மூன்றுக்கும் பயன்படுவதால் இப்பரிந்துரை இன்றும் எட்டாத நிலையிலேயே உள்ளது.

படிவத்தின் சொற்களைத் திருத்துவது இதனினும் எளிது. முன்முயற்சி, ஆர்வம் போன்ற பொதுச் சொற்களுக்கு மாறாக, கண்ணால் காணத் தக்க செயல்களை ஒவ்வொரு படிக்கும் எழுதி வைக்கும் அளவுகோல்களை அமெரிக்க உளவியலார் 1963-இல் முன்வைத்தனர். சுரங்கத்துக்கு இதனைப் பொருத்தினால், பொறுப்புணர்வு மிக்கவர் என்று எழுதாமல், பொறியின் அதிர்வு கூடியதை ஷிப்டு ஏட்டில் பதிந்து அடுத்தவருக்கு நேரிலும் சொன்னார் என்று எழுதும் வகையில் படிவம் அமையும். பொறி நின்ற நேரத்தை இயந்திரப் பழுது, மின் பழுது, பெல்ட் இடமாற்றம், மழை எனக் காரணம் பிரித்துப் பதிவதும் உதவும். அப்பதிவை மதிப்பீட்டுக்கு அருகில் வைத்துப் பார்த்தால், ஒருவரின் கைக்கு உட்பட்டது எது, உட்படாதது எது என்பது ஓரளவேனும் தெரியும். மாதந்தோறும் சில வரிகள் குறித்து வைக்கும் மேலதிகாரிக்கு மார்ச் மாத நினைவை மட்டும் நம்பி எழுத வேண்டிய நிலை ஏற்படாது.

பாதுகாப்பும் மதிப்பெண்ணும்

2020 மே 7, ஜூலை 1 ஆகிய நாட்களில் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் நிகழ்ந்த கொதிகலன் விபத்துகளில் நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் உயிரிழந்தனர். இவ்விபத்துகளை மதிப்பீட்டு முறையின் விளைவாகக் கூறுவதற்கில்லை. ஆயினும் டன், மெகாவாட், விழுக்காடு ஆகியவற்றுக்குப் பெரும் எடை தரும் எந்த மதிப்பீட்டு முறையும் பாதுகாப்பை எவ்வாறு அளக்கிறது என்னும் வினாவை அவை முன்னிறுத்தின.

விபத்து எண்ணிக்கைக்கு மதிப்பெண் வைத்தால் சிறு விபத்துகள் பதிவாகாமல் மறைக்கப்படக் கூடும் என்பது தொழிற் பாதுகாப்புத் துறையினர் நெடுங்காலமாக அறிந்தது. மறைக்கப்படும் சிறு விபத்துகளே பெரிய விபத்தின் முன்னறிவிப்பு. இதனால் விபத்து நேரவிருந்து தப்பிய நிகழ்வுகளை எத்தனை முறை அறிவித்தார், ஐயம் எழுந்தபோது பொறியை நிறுத்தினாரா, நிறுத்தியவரை மேலதிகாரி ஆதரித்தாரா என்பன போன்ற முன்னோக்கிய அளவுகளைப் பலர் பரிந்துரைக்கின்றனர். உற்பத்தி இலக்குக்கு எதிராகப் பொறியை நிறுத்திய பொறியாளரின் அறிக்கையில் அச்செயல் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தாலே ஒரு நிறுவனத்தின் முறை எத்தகையது என்று அறியலாம்.

தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும்

நிரந்தரத் தொழிலாளரின் ஊதியம் நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான உடன்படிக்கைகளால் முடிவாகிறது. தனிமனிதத் தரத்தை ஊதியத்துடன் பிணைப்பதைத் தொழிற்சங்கங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மேலாளரின் விருப்பு வெறுப்பு ஊதியத்தில் புகுந்துவிடும் என்பது அவற்றின் வாதம். எல்லோருக்கும் உரிய கூட்டு ஊக்கத்தொகையே சுரங்க வேலைக்கு ஏற்றது என்றும் அவை கூறும். 2017-இல் அதிகாரிகளுக்கு வந்த 50, 30, 20 என்னும் பகிர்வு, தொழிற்சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லி வந்ததை மறுகோடியிலிருந்து நெருங்கியது என்று கொள்ளலாம்.

ஒப்பந்தத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் தொழிற்கூட்டுறவுச் சேவைச் சங்கம் வழியாகவும் ஒப்பந்தக்காரர்கள் வழியாகவும் பணியாற்றி வருகின்றனர். பணிநிரந்தரம் கோரி இவர்கள் பலமுறை வேலைநிறுத்தம் செய்துள்ளனர். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையோ செயல்திறன் சார் ஊதியமோ இவர்களுக்கு இல்லை. பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை அள்ளும் தொழிலாளி அதனைச் செய்யாவிட்டால் உருளைகள் சிக்கி பெல்ட் நிற்கும். அப்போது மேற்கூறிய எல்லாத் தரங்களும் இறங்கும். அவர் நன்றாகச் செய்தார் என்பதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் எழுத்தில் சான்று இராது. பணிநிரந்தரத்துக்கான கோரிக்கை எழும்போது மூப்பு மட்டுமே கணக்கில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.